இடது கண்ணும் விழித்துவிட்டது

மூன்று வாரமாக ஒரே பாடு. 1975-ஆம் ஆண்டு கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் முகப்பு விளக்குகள் உள்ளே மறைந்திருக்கும், போட்டால் மேலே எழ வேண்டும். வலது விளக்கு சட்டென்று எழும். இடது விளக்கு பாதியில் நின்றுவிடும். இன்று காலை இரண்டும் ஒன்றாக எழுந்ததைப் பார்த்து, என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன்.

1968 முதல் 1982 வரை வந்த மூன்றாம் தலைமுறை கார்வெட்டில் விளக்கைத் தூக்குவது மோட்டார் அல்ல, இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடம். அது ஒரு தொட்டியில் தேங்கி, அதைத் திருப்பிவிடும் ரிலே வால்வு வழியாக விளக்கின் பின்னால் இருக்கும் உருண்டை டப்பாவுக்குப் போகிறது. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் உறிஞ்சினால் விளக்கு எழும், மறுபக்கம் உறிஞ்சினால் படுக்கும். எவ்வளவு அழகான யோசனை!

ஒரு விளக்கு மட்டும் திணறினால் தொட்டியை முதலில் சந்தேகிக்காதீர்கள். அது இரண்டுக்கும் பொது. நான் அளவுமானி உள்ள கைப்பம்பை டப்பாவின் இரு முனைகளிலும் மாறி மாறி மாட்டினேன். ஒன்றில் உறிஞ்சியபின் முள் அசையாமல் நின்றது. மற்றதில் கண்முன்னே சரிந்தது. காதை அருகில் வைத்தால், விளக்கைத் தூக்கும் தண்டு டப்பாவிலிருந்து வெளியே வரும் இடத்தில் மெல்லிய சீறல். அங்கிருந்த பழைய ரப்பர் சீல், நகம் பட்டதும் அப்பளம்போல் நொறுங்கியது. டப்பாவை மாற்றவே தேவையில்லை. சீல் மட்டும் போதும்.

மதியம் விளக்குகளை இறக்கி இன்ஜினை அணைத்தேன். இப்போது இரவு பத்து மணி. இரண்டும் இன்னும் மூடியே இருக்கின்றன, வெற்றிடம் கசியவில்லை.