புதுக் கணினி வாங்க முதல்

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. இப்போது மருமகன் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் புதுக் கணினிக்கு விலை கேட்கிறான். அவனுடைய பழைய கணினியில் இருப்பது இன்டெல் ஏழாம் தலைமுறை புரொசசர். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் ஏற்காது.

"கொஞ்சம் பொறு தம்பி, முதலில் லினக்ஸ் மின்ட் பார்" என்றேன். அது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளம். பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடக்கலாம். எதையும் அழிக்காமல் வைஃபை, சத்தம், பிரின்டர், தமிழ்த் தட்டச்சு எல்லாவற்றையும் சோதிக்கலாம். வீட்டுப் பாவனைக்கு அது தாராளம். காசும் கட்டத் தேவையில்லை.

கேம் விஷயம்தான் யோசிக்க வேண்டியது. கேம் வாங்கி விளையாடும் ஸ்டீம் தளத்தில் 2018இல் வந்த புரோட்டான் என்ற மென்பொருள், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட வைக்கிறது. சைபர்பங்க் 2077, எல்டன் ரிங் எல்லாம் ஓடும், உங்கள் கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சக்தி இருந்தால். ஆனால் வலரன்ட், ஃபோர்ட்நைட் ஓடாது. அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விடாது. கூட்டாளிமாரோடு தினமும் அந்தக் கேம்களைத்தான் விளையாடுவீர்கள் என்றால் விண்டோஸ் 11 ஓடும் கணினியே சரி, மனதை அலைக்கழிக்க வேண்டாம்.

அப்புறம், என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் மின்ட் நிறுவியதும் முதல் வேலையாக டிரைவர் மேனேஜரைத் திறந்து, அது பரிந்துரைக்கும் டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளைப் போடுங்கள். ஸ்டீம் எல்லாம் அதற்குப் பிறகு.