வாக்கி டாக்கி வாங்கப் போன கதை

கஜா புயல் அடிச்சது 2018 நவம்பர் 16 விடியக்காலை. வேதாரண்யம் பக்கம் கரண்ட் கம்பம் பூரா சாஞ்சு, டவர்ல டீசல் தீரத் தீர போனும் செத்துப்போச்சு, பக்கத்து ஊர்ல யாருக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்க விழுந்து கெடந்த மரத்தத் தாண்டித் தாண்டி நடக்கணும். அதுக்கப்புறம்தான் எங்க தன்னார்வலர் குழுவுக்கு வாக்கி டாக்கி வாங்கணும்னு முடிவாச்சு, வேலை என் தலையில விழுந்துச்சு. கையில இருந்தது 60,000 ரூபா.

மொதல்ல ஆன்லைன்ல விக்கிற 5 வாட் சைனா செட்டுதான் கண்ணுல பட்டுச்சு, வெல கம்மி, ஆனா லைசென்ஸ் இல்லாம நம்ம நாட்டுல அத வச்சிருக்குறதே தப்பு. லைசென்ஸ்னா டெல்லில வயர்லெஸ் அலைவரிசையக் கவனிக்கிற மத்திய அரசுப் பிரிவு டபிள்யூபிசி வரைக்கும் பேப்பர் போகணும், வருஷா வருஷம் காசு கட்டணும். லைசென்ஸ் வேணாம்னா 446 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, அரை வாட் சக்தி, அவ்ளோதான்.

டீலர்கிட்ட கெஞ்சி ரெண்டு செட்டு மட்டும் வாங்கிட்டு வந்து பாத்தோம். பொட்டில 5 கிலோமீட்டர்னு போட்டிருந்துச்சு. உப்பளத்துல வெட்டவெளி, 2 கிலோமீட்டருக்கு நல்லாவே கேட்டுச்சு. புயலுக்குத் தப்பிச்ச தென்னந்தோப்புக்குள்ள போனா 500 மீட்டர்லயே கரகரன்னு ஆயிருச்சு. சரி, அரை வாட் ஆகாதுன்னு கெளம்பப் போனோம், சும்மா ஒருத்தன புயல் பாதுகாப்பு மையத்து மொட்டை மாடில ஏத்திப் பேசச் சொன்னா அதே செட்டு, தோப்புல இருக்குறவன் பேசுறது பளிச்சுன்னு கேக்குது! மாடில ஏறி நிக்க காசா பணமா, இதையே எடுத்துரலாம்னு முடிவு பண்ணோம்.

கோட்ட விட்டது பேட்டரிலதான். 8 செட்டு, ஆளுக்கு ஒரு ஸ்பேர் பேட்டரின்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன், எங்க தலைவர் அண்ணன் "கைக்கு ஒண்ணு இருந்தாத்தானப்பா பசங்க வருவானுங்க"ன்னாரு, நானும் தலையாட்டிட்டு ஸ்பேரே இல்லாம 12 செட்டு வாங்கிட்டேன். மொத ஒத்திகை காலைல 6 மணிக்கு ஆரம்பிச்சது, இருட்டுற நேரத்துக்கு நாலு செட்டு பீப் பீப்னு கத்திட்டு அணைஞ்சுருச்சு. சார்ஜர் எல்லாம் கரண்ட் பிளக்ல போடுறது. கரண்ட் போயிரும்னுதான இதையே வாங்குனோம்? அப்புறம் வேன்ல சிகரெட் லைட்டர் ஓட்டைல சொருகுற சார்ஜருக்கு என் சொந்தக் காசப் போட்டேன், இன்னிக்கு வரைக்கும் அந்தக் கணக்கு நிலுவைலதான் இருக்கு.

அதே ஒத்திகைல இன்னொண்ணு. பட்டன அமுக்குன கையோட பேசுனா மொத வார்த்த போய்ச் சேராது. "வடக்குத் தெருவுக்கு ஸ்ட்ரெச்சர் கொண்டாங்க"ன்னு ஒருத்தன் கத்துறான், இந்தப் பக்கம் "தெருவுக்கு"ல இருந்துதான் கேக்குது, நாலு பேரு ஸ்ட்ரெச்சரத் தூக்கிட்டு தெக்குத் தெருவுக்கு ஓடிட்டானுங்க. போட்ல விஎச்எஃப் வயர்லெஸ் செட்டு வச்சுப் பழகுன மீனவத் தம்பி ஒருத்தன் மட்டும்தான் அமுக்கி, ஒரு நொடி நின்னு, நிதானமா பேசுனான். இப்ப ஒத்திகைன்னா அவன்தான் வாத்தியாரு, தலைவர் அண்ணனையே நாலு தடவ திருப்பிச் சொல்ல வப்பான்.