கந்தசாமிப் பிள்ளை நின்ற மூலை

நம் பள்ளி மலர்க் குழுவினர் பிடித்த ஆசிரியரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் அவர் நடத்திய ஒரு பாடத்தைப் பற்றி எழுதுகிறேன். புகழ்ச்சி என்றாலே எழுந்து போய்விடுகிற மனிதர் அவர்.

ஏழாம் வகுப்பில் சிறுகதை நடத்த வந்த தமிழய்யா களம், மாந்தர், பின்னல், முரண், நோக்குநிலை, கரு என்று கரும்பலகையில் எழுதினார். பிறகு, கதை நடக்கும் இடமும் பொழுதுமான களத்தைவிட்டு நகரவே மறுத்தார். நிலத்தையும் பொழுதையும் தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொன்னது சும்மாவா என்று கேட்பார்.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எங்கள் பாடநூலில் இல்லை. ஆனாலும் அதன் தொடக்கத்தை வாசித்துக் காட்டினார். சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் இடத்தில், ஆபத்தில்லாத ஓரமாக நின்று, டிராமில் போனால் எவ்வளவு மிஞ்சும், அதில் வெற்றிலை பாக்கு ஆகுமா என்று பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கிறார். நம் பள்ளியிலிருந்து நடந்தே போகக்கூடிய மூலை அது. "மாலையில் அங்கே நின்று, கண்டதை எழுதி வாருங்கள்" என்றார் ஐயா.

டிராம் 1953-லேயே நின்றுபோயிருந்தது. பிராட்வே, பெயர்ப்பலகையில் பிரகாசம் சாலை ஆகியிருந்தது. நாங்கள் கண்டதெல்லாம் தள்ளுவண்டிகளும், கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு போன வக்கீல்களும், பஸ்ஸுக்கு ஓடியவர்களும்தான். மறுநாள் ஐயா ஒன்றுதான் கேட்டார்: "டிராம் இல்லையே, பிள்ளை இப்போது எதைக் கணக்குப் பார்ப்பார்?" ஒரு ஸ்டேஜ் முன்னால் இறங்கி நடப்பார் என்றான் ஒருவன். நடந்தே போய்விட்டுப் பஸ்ஸில் வந்ததாக வீட்டில் சொல்வார் என்றான் இன்னொருவன். வகுப்பில் பெரும் சண்டை. மாந்தர் இயல்பு என்ற பாடம் அந்தச் சண்டையிலேயே முடிந்துவிட்டது. காலணாவை விடாத மனிதரிடம் கடவுளே வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டால் முரணைத் தனியாகத் தேட வேண்டியதில்லை.

நோக்குநிலைதான், அதாவது கதையை யார் பார்வையில் சொல்வது என்பதுதான், எங்களைப் பாடாய்ப் படுத்தியது. அதே காட்சியைக் கடவுள் 'நான்' என்று சொல்வதாக எழுதச் சொன்னார். பாதிப் பேரின் கடவுள் பிள்ளையின் மனக்கணக்கு முழுவதையும் முதல் வரியிலேயே அறிந்திருந்தார். "எல்லாம் தெரிந்தவர் எதற்கப்பா வழி கேட்கிறார்?" என்று ஐயா சிரித்தார். எல்லாம் அறிந்த கதைசொல்லிக்கும் 'நான்' என்று பேசும் பாத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது.

கதை முடிவில் 'இதனால் அறியப்படும் நீதி' என்று எழுதினால் சிவப்பு மையில் அடித்துவிடுவார். கருவும் நீதியும் ஒன்றல்ல என்பது அவர் கட்சி. பின்னலுக்கு மட்டும் அவர் அநியாயம் செய்தார் என்று இன்றும் சொல்வேன். தொடக்கம், சிக்கல், உச்சம், தீர்வு எல்லாம் ஒரே பாடவேளையில் பறந்துபோயின. தேர்விலோ அதிலிருந்துதான் பெரிய வினா!

இங்கே டொரொன்டோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கும்போது பிள்ளைகளை முதலில் பஸ் நிறுத்தத்துக்குத்தான் அனுப்புகிறேன். பனிக்காலத்தில் பெற்றோர் முறைக்கிறார்கள்.

நம் வகுப்புத் தோழர்கள் யாரிடமாவது அந்தக் கட்டுரை நோட்டு இருந்தால், கடவுள் 'நான்' என்று பேசும் பக்கங்களைப் படமெடுத்து அடுத்த மலருக்கு அனுப்புங்கள். எழுத்துப் பிழைகளைத் திருத்த வேண்டாம்.