அடிப்பதற்கு முந்தைய பத்து நிமிடங்கள்

என் மகனுக்கு ஒன்பது வயதாகிறது. மூன்று வயதில் அவனுக்கு ஆட்டிசம் இருப்பது உறுதியானது. பேச்சு இன்னும் சில சொற்களைத் தாண்டவில்லை. கையைக் கடித்துக்கொள்வதும், தலையைச் சுவரில் மோதுவதும், தடுக்கப் போகும் என்னை அடிப்பதும் ஆண்டுக்கணக்காகத் தொடர்கின்றன.

நெடுநாள் இவற்றை அடம் என்றே எண்ணியிருந்தேன். கேட்டது கிடைத்ததும் தணிவது அடம் என்றும், ஒலியும் ஒளியும் கூட்டமும் தாங்க முடியாத அளவுக்குச் சேர்ந்து வெடிக்கும் மெல்ட்டவுன் எதைக் கொடுத்தாலும் உடனே தணியாது என்றும் சிறப்பாசிரியர்தான் புரியவைத்தார். 1943இல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே உரத்த ஒலிக்கு அஞ்சிய குழந்தைகள் உண்டு. ஆயினும், புலனுணர்வு மிகுவதையும் குறைவதையும் ஆட்டிசத்தின் அறிகுறிகளுள் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம் சேர்த்துக்கொண்டது 2013இல்தான்.

சிறப்பாசிரியர் சொன்னபடி ஒரு நோட்டில் மூன்று பத்திகள் பிரித்தேன்: முன்பு நடந்தது, அவன் செய்தது, பிறகு நாங்கள் செய்தது. இரண்டு வாரங்கள் எழுதியபின், மூன்றாவது பத்திதான் என்னை உலுக்கியது. எழுதச் சொல்லும்போது அவன் அடித்தால், ஒவ்வொரு முறையும் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டிருக்கிறேன். அடித்தால் வேலை நின்றுவிடும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் நானே. அதன்பின் 'போதும்' என்று காட்ட ஒரு பட அட்டையைக் கொடுத்தோம். அவன் அதைக் காட்டிய மறுகணமே வேலையை நிறுத்தினோம். சற்றுத் தாமதித்தாலும் அந்த அட்டையின் மீது அவனுக்கு நம்பிக்கை போய்விடும்.

சென்ற ஆண்டு திடீரெனக் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தொடங்கினான். எட்டு நாட்கள் அதை நடத்தைச் சிக்கலாகவே நினைத்துக் கண்டிப்பைக் கூட்டினேன். ஒன்பதாம் நாள் பல் மருத்துவர் கடைவாய்ப் பல்லில் சொத்தை இருப்பதைக் கண்டார். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளையை எட்டு நாட்கள் அதட்டியது இன்றும் என்னை உறுத்துகிறது. நடத்தை திடீரென மாறினால் பல், காது, மலச்சிக்கல் ஆகியவற்றை முதலில் பாருங்கள் என்று பெற்றோர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பயிற்சி முறையை மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.

நேற்று மாலை அவன் தானாகவே அட்டையை எடுத்துவந்து என் மடியில் வைத்தான். அரைமணி நேரம் கழித்துக் கையைக் கடித்துக்கொண்டான். நோட்டில் எழுதிவிட்டேன், முதல் பத்தி மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.