ஐடிஐ எம்எம்வி (மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள்) ப்ராக்டிகல்ல இக்னிஷன் ஜாப்: ஒரு தடவ ஃபெயில் ஆகி இப்ப பாஸ் ஆனவன் சொல்லுதேன்

நேத்து சாயங்காலம் ரிசல்ட் வந்துட்டு. பாளை பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு போன்ல மூணு தடவ திரும்பத் திரும்பப் பாத்தேன், பாஸ்தான். அம்மாவுக்கு போன் போட்டா சொல்லக் கொரலே வரல. போன தடவ தியரில நல்ல மார்க்கு, ப்ராக்டிகல்ல 60 சதவீதம் வரல. கூடப் படிச்சவனுவ எல்லாம் அப்ரண்டிஸ் சேந்துட்டானுவ, நான் வண்ணார்பேட்டைல ஒரு ஆட்டோ எலக்ட்ரிக் கடைல நின்னேன். ஒரு வருஷம் எதனால போச்சுன்னு எனக்கு நல்லாத் தெரியும், அதனாலதான் எழுதுதேன்.

மொதத் தடவ எனக்கு விழுந்த ஜாப் ஒரு பழைய பெட்ரோல் பிக்கப். பாயிண்ட் செட் (ஸ்பார்க் வர்றதுக்காக கரண்ட அப்பப்ப வெட்டி விடுற காண்டாக்ட்) வச்ச வண்டி, நாலு சிலிண்டர். நம்ம பக்கத்துப் பசங்க எல்லாருமே டீசல்ல வளந்தவங்க, நானும் களக்காட்டுல வாழைத்தார் ஏத்துற வண்டில கை பழகுனவன். டீசல் வண்டி ஆஃப் ஆச்சுன்னா ஏர் புடிச்சிருக்கா, ஃபில்டர் அடைச்சிருக்கா, டீசல விடுற, நிறுத்துற ஸ்டாப் சோலனாய்டுக்கு கரண்ட் வருதான்னு கை தானா போவும். பெட்ரோல் பிக்கப்ப சிலபஸ்ல படிச்சதோட சரி.

கம்ப்ளைண்ட் இதான்: செல்ஃப் அடிச்சா வண்டி புடிக்குது, சாவிய விட்ட உடனே ஆஃப் ஆவுது.

நான் என்ன பண்ணேன்னா ஒரு பிளக்கக் கழட்டி எஞ்சின்ல எர்த் வச்சு செல்ஃப் அடிக்கச் சொன்னேன், நல்லா நீலமா ஸ்பார்க் வந்துச்சு, சரி இக்னிஷன் ஓகே அப்ப பெட்ரோல்தான் பிரச்சனைன்னு முடிவு பண்ணி கார்பரேட்டரப் பிரிச்சுப் போட்டு ஜெட்ட ஊதி ஃப்ளோட்டப் பாத்து திரும்ப மாட்டுறதுக்குள்ள டைம் போச்சு. எக்ஸாமினர் வந்து ஒரே கேள்விதான் கேட்டாரு. "ஸ்பார்க் பாக்கும்போது சாவி எங்க இருந்துச்சு?" எனக்கு அப்பக்கூட புரியல.

புரிஞ்சது கடைலதான். இந்த மாதிரி வண்டில காயிலுக்கு (பேட்டரி கரண்ட ஸ்பார்க்குக்கு வேண்டிய பெரிய வோல்டேஜா மாத்துறது) முன்னால பாலாஸ்ட் ரெசிஸ்டர்னு ஒண்ணு இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்டேஜ் கீழ இறங்கிரும், அதனால அந்த நேரம் மட்டும் ரெசிஸ்டரத் தாண்டி நேரா காயிலுக்கு கரண்ட் போவும். சாவிய விட்டதும் ரெசிஸ்டர் வழியாத்தான் போவும், காயில்ல 7, 8 வோல்ட் இருக்கும். ரெசிஸ்டர் அத்துப் போச்சுன்னா செல்ஃப்ல புடிக்கும், விட்டதும் செத்துரும். நான் ஸ்பார்க் பாத்தது செல்ஃப்ல. வண்டி சாவுறதோ ரன்னிங் பொசிஷன்ல. கடை அண்ணாச்சி ஒரு அத்துப்போன ரெசிஸ்டர கைல தந்தாவ, சாக்பீஸ் மாதிரி வெள்ளப் பீங்கான் கட்டி, பின்னால பள்ளத்துல சுருள் கம்பி, ஒரு முனைல மயிரிழை அளவு வெட்டு. அவ்வளவுதான். அதுக்குத்தான் எனக்கு ஒரு வருஷம்.

"ஏல, வண்டி எப்ப நிக்கோ அப்ப பாருல. ஓடும்போதும் செல்ஃப்லயும் பாத்து என்னத்துக்கு?" இத அண்ணாச்சி ஒரு வருஷத்துல எத்தன தடவ சொல்லிருப்பாவன்னு கணக்கே இல்ல. நான் உங்களுக்குச் சொல்லப் போறதும் இதத்தான், வேற எத மறந்தாலும் பரவால்ல.

ரெண்டாவது தடவ வந்த ஜாப் வேற மாதிரி. எட்டு நிமிஷம் நல்லா ஓடுது, சூடானதும் டக்குன்னு ஆஃப், ஆறுனா திரும்பப் புடிக்குது. இருமி இருமி நின்னா அனேகமா பெட்ரோல், சுவிட்ச் போட்ட மாதிரி டக்குன்னு நின்னா மொதல்ல இக்னிஷன். அதனால ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே டெஸ்ட் லேம்ப்ப காயில் பிளஸ்ல மாட்டி பல்ப கண்ணுக்குத் தெரியிற மாதிரி கட்டிட்டு, கையக் கட்டிக்கிட்டு நின்னேன். பக்கத்து ஜாப் பையன் பிளக்க கழட்டிட்டு இருக்கான், எனக்கு உள்ளுக்குள்ள பதறுது, ஆனா தொடல.

வண்டி நின்னுச்சு. லேம்ப் எரிஞ்சுட்டுத்தான் இருக்கு, அப்ப சாவி, வயர், ரெசிஸ்டர் எல்லாம் சரி. லேம்ப்ப காயில் மைனஸுக்கு மாத்தி செல்ஃப் அடிச்சேன், மினுக்கு மினுக்குன்னு அடிச்சுது, பாயிண்ட் தொறந்து மூடுது, காயிலோட பிரைமரியும் (பேட்டரி பக்கத்துச் சுத்து) அறல. லேம்ப்ப எடுத்துட்டு (எடுக்காட்டி ஸ்பார்க்க அதுவே கொறைக்கும்) டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்க ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிச்சு விடுறது) நடு வயர உருவி பிளாக்ல இருந்து 6 மில்லிமீட்டர் தள்ளிப் புடிச்சு அடிச்சேன், ஒண்ணுமே இல்ல. வேற நல்ல கண்டென்சர் (பாயிண்ட்ல தீப்பொறி அடிக்காமப் பாத்துக்கிறது) மாட்டியும் இல்ல. காயில் சூடு ஆறுறதுக்குள்ள வயரக் கழட்டி மீட்டர் வச்சேன், செகண்டரி (ஸ்பார்க் பக்கத்துச் சுத்து) ஓப்பன், அதாவது உள்ள அத்துருக்கு. கால் மணி நேரம் கழிச்சு அதே காயில்ல ரீடிங் திரும்ப வந்துச்சு. ஆறுன பிறகு மட்டும் மீட்டர் வச்சிருந்தா காயில் நல்லாருக்குன்னுதான் எழுதிருப்பேன்.

டேபிள்ல ரெண்டு காயில் வச்சிருந்தாங்க, பாக்க ஒண்ணு போலவே இருக்கும். பிரைமரில ஒண்ணு 3 ஓம், ஒண்ணு 1.5 ஓம். ரெசிஸ்டர் உள்ள வண்டிக்கு 1.5 ஓம்தான். 3 ஓம் போட்டா ஸ்பார்க் வீக்காவும், 1.5 ஓம் காயில ரெசிஸ்டர் இல்லாம ஓட்டுனா காயில் கொதிக்கும், பாயிண்ட் கருகிரும். மீட்டர் வச்சுப் பாத்துட்டு எடுத்தேன், எக்ஸாமினர் ஒண்ணும் சொல்லல, எழுதிக்கிட்டாரு.

மத்தபடி நான் பாத்தது:

- பாயிண்ட் இடைவெளி 0.4ல இருந்து 0.5 மில்லிமீட்டருக்குள்ள. பாயிண்ட் சீக்கிரம் சீக்கிரம் கருகுதுன்னா கண்டென்சரச் சந்தேகப்படுங்க.
- டிஸ்ட்ரிபியூட்டர் மூடிய உள்பக்கம் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. பென்சில்ல கோடு இழுத்த மாதிரி கருப்பா இருந்தா அதுல கரண்ட் ஓடுது, துடைச்சா போவாது, மாத்தணும்.
- சாவிய லேசா ஆட்டுனா வண்டி நிக்குதா? அப்ப இக்னிஷன் சுவிட்ச் தேஞ்சிருக்கு.
- பேட்டரி பிளஸ்ல இருந்து காயில் பிளஸுக்கு ஜம்பர் போட்டு வண்டி நிக்காம ஓடுனா கோளாறு சப்ளை பக்கம். ரொம்ப நேரம் விடாதீங்க.
- டேங்க் மூடியத் தொறந்ததும் உஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்தா வெண்ட் (காத்து உள்ள வர்ற ஓட்ட) அடைச்சிருக்கு. இது இக்னிஷன் இல்ல, ஆனா கலந்து குடுப்பாங்க.
- ஃபயரிங் ஆர்டர் (எந்த சிலிண்டருக்கு அடுத்து எதுல ஸ்பார்க்குங்கிற வரிசை) நாலு சிலிண்டர் 1-3-4-2வா, மூணு சிலிண்டர் 1-3-2வான்னு வண்டிக்கு வண்டி பாத்து எழுதுங்க, மனப்பாடமா எழுதாதீங்க.

ஜாப் ஷீட்ல ஒவ்வொரு டெஸ்ட் முடிஞ்சதும் அப்பவே எழுதிருங்க, சாவி எந்தப் பொசிஷன், எஞ்சின் சூடா ஆறியா, லேம்ப் எரிஞ்சுதா இல்லயா. நான் இயல்பாவே பதட்டக்காரன், எழுதும்போதுதான் கை நிதானத்துக்கு வரும். வேகமா வேலை பாக்குறவங்களுக்கு இது எரிச்சலா இருக்கலாம், ஆனா வேகமா பாத்ததுதான் எனக்குப் போன தடவ வினையாச்சு. குரூப்பா உக்காந்து வைவா கேள்வி படிக்கிறத நான் நிறுத்திட்டேன், அந்த நேரத்துக்கு கடைல நின்னு போன வண்டி ரெண்டு பாத்தா அதுதான் மனசுல நிக்குது.

லேம்ப் நீங்களே செஞ்சுக்கோங்க. 5 வாட் பார்க்கிங் பல்பு, ஹோல்டர், ரெண்டு வயர், ஒரு முதலைக் கிளிப், ஒரு கூர் கம்பி. எல்இடி லேம்ப் கொண்டு போகாதீங்க, களிம்பு ஏறுன கனெக்‌ஷன்லயும் அது பளிச்சுன்னு எரியும், சப்ளை நல்லாருக்குன்னு நம்பிருவீங்க. என்னோடது கடைல ஆணில தொங்குது, நெல்லைப் பக்கம் சப்ளிமெண்டரி எழுதுறவங்க யாருக்காச்சும் வேணும்னா கேளுங்க, தந்து விடுதேன்.