ஆயிரம் துடிப்பில் 6 மில்லிமோலார் பொற்றாசியம் எங்கே போனது?

இதயக் கலத்தின் துடிப்பைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் என் நிரலில் மூன்று வாரமாக உயிரை வாங்கிய கசிவு நேற்று இரவு பிடிபட்டது. டென் டஸ்சர்–பன்ஃபிலோவ் 2006 கணித மாதிரி, மனித இதயவறைத் தசைக் கலம், இதயச் சுவரின் வெளிப்புற வகை.

முதல் துடிப்பு அன்றைக்கே அழகாக வந்துவிட்டது. சோடியத்தின் செங்குத்துப் பாய்ச்சல், அதையடுத்த சின்னப் பள்ளம், கல்சியம் தாங்கிப் பிடிக்கும் மேடை, பிறகு பொற்றாசியம் இழுத்து இறக்கும் சரிவு. அயன்வழிகளைத் திறந்து மூடும் வாயில்களைக் கணிக்க ரஷ்–லார்சன் முறை, நேரப் படி 0.02 மில்லிசெக்கன்.

வில்லங்கம் நீண்ட ஓட்டத்தில்தான். செக்கனுக்கு ஒரு துடிப்பாக 1000 துடிப்பு விட்டால், கலத்துக்குள் 138 இல் தொடங்கிய பொற்றாசியம் 132க்குக் கிட்ட வந்து நிற்கிறது. மேலும் விட்டால் மேலும் இறங்குகிறது. பொற்றாசியத்தின் சமநிலை மின்னழுத்தத்தைத் தரும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் போட்டால் −86.6 மில்லிவோல்ட் −85.4 ஆகிறது. ஒரு துடிப்பை மட்டும் பார்த்தால் எதுவுமே தெரியாது.

முதலில் சோடியம்–பொற்றாசியப் பம்பியைச் சந்தேகித்தேன். 3க்கு 2 சரியாகவே இருந்தது. பிறகு ஐ-கே-1 என்ற பொற்றாசிய மின்னோட்டத்தை வரிவரியாகத் திரும்ப எழுதினேன். வெறும் பைத்தனில் 5 கோடி படி, மணிக்கணக்கில் ஓடும். தலவாக்கலையில் இந்த மழைக்காற்றுக்கு நடுராத்திரியில் கரண்ட் போகும். லெப்டொப் பற்றரி அரை மணித்தியாலம்கூடத் தாங்காது. 50 துடிப்புக்கு ஒருமுறை நிலையைச் சேமிக்கத் தொடங்கிய பிறகுதான் நிம்மதி. பைத்தனை வேகமாக்கும் நம்பாவுக்கு மாற்றியதும் பிளேன்டீ ஊற்றிக் குடிப்பதற்குள் முடிகிறது. முதல் நாளே மாற்றியிருக்க வேண்டும்.

குற்றவாளி, ஒவ்வொரு துடிப்பையும் தொடங்கிவைக்கக் கலத்துக்குள் செலுத்தும் தூண்டல் மின்னோட்டம். மின்னழுத்தச் சமன்பாட்டில் அதைச் சேர்த்திருந்தேன், பொற்றாசியச் சமன்பாட்டில் விட்டுவிட்டேன். மூலக் கட்டுரையில் அது இருக்கிறது, தட்டச்சும்போது என் கண் தாண்டிவிட்டது. உள்ளே வரும் ஏற்றத்தை ஏதாவது ஓர் அயன் சுமந்துதானே வரவேண்டும்? பைகோபரட்டுக்கு 52 பைகோஅம்பியர், 1 மில்லிசெக்கன்: கலத்தின் கனவளவால் வகுத்தால் துடிப்புக்கு 0.006 மில்லிமோலார். ஆயிரத்தால் பெருக்குங்கள், தொலைந்த 6 அப்படியே கிடைக்கிறது! அந்த எண் பொருந்திய நிமிடம் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். இந்த ஏற்றக் காப்பு விஷயத்தை ஹண்ட், குச்செரா, ஒட்டானி, ரூடி 2001 இலேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள். நீண்ட ஓட்டம் செய்பவர்கள் அதை முதலில் வாசியுங்கள்.

சொந்த ஈசிஜியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமென்று ஏடி8232 என்ற ஈசிஜி அளக்கும் சின்னப் பலகை எடுப்பித்தேன். பலகை நல்லது. கூட வந்த ஒட்டுப் பட்டைகளில் ஜெல் காய்ந்து, ஒன்றுகூட ஒட்டவில்லை. கொழும்புக் கடைக்காரர் போனை எடுப்பதாயில்லை. அடுத்த முறை கண்டிக்குப் போகும்போது நேரில் பார்த்துத்தான் வாங்குவேன்.

உட்புற வகைக் கலம் இன்னும் பாக்கி. ஆனாலும் பொறுக்காமல் நடுப்படை எம் கலத்தைத் தொடங்கிவிட்டேன்: ஐ-கே-எஸ் (மெதுவான பொற்றாசிய மின்னோட்டம்) கடத்துதிறன் 0.392க்குப் பதில் 0.098. மேடை நீள்வது கண்ணுக்கே தெரிகிறது. இதில் ஐ-கே-ஆர் என்ற வேகமான பொற்றாசிய மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் எவ்வளவு நீளும் என்பதை இன்றிரவு ஓடவிடுகிறேன், கரண்ட் இருந்தால்.