அஷ்டமி நவமி பார்த்துத் தீவுக்குப் போங்கள்

சிங்கப்பூரின் சிஸ்டர்ஸ் தீவுகளுக்கு ஸ்நோர்கலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது) போகத் திட்டமிடுபவர்கள் முதலில் பள்ளி விடுமுறையைப் பார்க்கிறார்கள், பிறகு படகு நேரத்தை, கடைசியாக மழை வருமா என்று. கடலின் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் நம் தென்தீவுகளில் தண்ணீருக்குள் ஏதாவது தெரியுமா, நிம்மதியாக மிதக்க முடியுமா என்பதை முடிவு செய்வது அதுதான். சமையலறையில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் இதற்கான பாதி விடை இருக்கிறது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஏற்றத்தில் நீர்மட்டம் மிக உயரமாகவும் இறக்கத்தில் மிகத் தாழ்வாகவும் இருக்கும். சிங்கப்பூரில் இரண்டுக்கும் இடையிலான உயர வேறுபாடு சில நாள்களில் 3 மீட்டரை நெருங்கும். அவ்வளவு தண்ணீரும் சுமார் ஆறு மணி நேரத்தில் தீவுகளுக்கு இடையிலுள்ள குறுகிய கால்வாய்களில் புகுந்து வெளியேற வேண்டும். அதனால் நீரோட்டம் வேகமெடுக்கும், அடியிலுள்ள சேறு கிளம்பும், நீட்டிய கையே மங்கலாகத் தெரியும். அஷ்டமியில் அந்த இரண்டு இழுப்பும் செங்கோணத்தில் நிற்கின்றன. வேறுபாடு பாதிக்கும் கீழே குறைந்துவிடும். கடல் இதைக் கொஞ்சம் தாமதமாகவே உணர்வதால் நவமியும் தசமியும் இன்னும் நல்லவை. நல்ல காரியத்துக்கு நாம் ஒதுக்கி வைக்கும் அஷ்டமி நவமிதான் பவளப் பாறை பார்ப்பதற்கு உகந்த நாள்கள்.

நாளைத் தேர்ந்துவிட்டால் மீதி விடைக்குக் கடல்துறை, துறைமுக ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையை (கடல் ஏற்ற இறக்க நேரங்களும் உயரங்களும்) பாருங்கள். காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையே நீர்மட்டம் ஒரு மீட்டருக்கு மேல் ஏறி இறங்காத நாளாக இருக்கட்டும். சூரியன் உச்சியில் நிற்கும் இந்த நேரத்தில்தான் கலங்கிய நீருக்குள்ளும் போதுமான வெளிச்சம் இறங்கும். இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இங்கே ஏற்றம் பெரும்பாலும் நண்பகலை ஒட்டி வருகிறது. நீர் நிறைந்திருப்பதைப் பார்த்து இதுவே நல்ல நேரம் என்று தோன்றும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையிலான உயரத்தைப் பன்னிரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால் முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று என்று நீர் நகரும். அதாவது உச்சியை விட்டதும் இறக்கம் மணிக்கு மணி வேகமெடுக்கும், நீர் அசையாமல் நிற்கும் நேரம் மிகக் குறுகியது. நீங்கள் மாஸ்க்கைச் சரிசெய்து முடிப்பதற்குள் அது கடந்துவிடும், நீர் வெளியே இழுக்கத் தொடங்கிவிடும். அட்டவணையில் உள்ள உச்ச நேரமும் நீரோட்டம் நிற்கும் நேரமும் எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. படகுத்துறையிலிருந்து ஒரு காய்ந்த இலையைப் போட்டுப் பாருங்கள். 20 விநாடியில் 5 மீட்டருக்குள் நகர்ந்தால் பழக்கமில்லாதவர்களும் சமாளிப்பார்கள். 10 மீட்டர் நகர்ந்தால் அது விநாடிக்கு அரை மீட்டர். ஃபின் (கால் துடுப்பு) போட்ட சாதாரண ஆள் தொடர்ந்து நீந்தக்கூடிய வேகமே ஏறக்குறைய அவ்வளவுதான். அப்படி ஓடும்போது யாரும் இறங்க வேண்டாம்.

மாதத்தைப் பொறுத்தவரை, டிசம்பரும் ஜனவரியும் வடகிழக்குப் பருவமழையின் ஈரமான பகுதி. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் பிற்பகலில் இடி மின்னல் அதிகம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ராப் புயற்காற்று விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள் அடித்துவிட்டுப் போகும், பின்னர் வானம் தெளியும். எந்த மாதமானாலும் முதல்நாள் கனமழை பெய்திருந்தால் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.

பெரிய சிஸ்டர்ஸ் தீவு, மேம்பாட்டுப் பணிகளுக்காக மூடப்பட்டு 2024 அக்டோபரில் மீண்டும் திறந்தது. சிங்கப்பூரின் முதல் கடல் பூங்காவாக 2014இல் தேசியப் பூங்காக் கழகம் அறிவித்த சுமார் 40 ஹெக்டர் பரப்பில் இரண்டு சிஸ்டர்ஸ் தீவுகளும், செயின்ட் ஜான்ஸ் தீவு, புலாவ் தெக்குக்கோர் ஆகியவற்றின் மேற்குப் பாறைத் திட்டுகளும் அடங்கும். சின்னத் தீவு ஆய்வுக்கும் பாதுகாப்புக்கும் ஒதுக்கப்பட்டது, அங்கே நாம் போக முடியாது. இரண்டுக்கும் இடையில் தெரியும் கால்வாய் கிட்டத்தில்தானே என்று நினைக்க வைக்கும். கடற்கொள்ளையர் தூக்கிச் சென்ற தங்கையை மீட்கப் போன அக்காள் மூழ்கிப்போனாள், தங்கையும் குதித்தாள், மறுநாள் அந்த இடத்தில் இரண்டு தீவுகள் எழுந்தன என்ற கதை இந்தத் தண்ணீரைப் பற்றியதே. கரையோரக் காயலை விட்டு வெளியே நீந்த வேண்டாம். அறிவிப்புப் பலகை இறங்காதே என்றால் இறங்கக் கூடாது. உயிர்காப்பாளர் இருப்பார் என்ற நினைப்பிலும் போகாதீர்கள்.

படகு, மரினா சவுத் பியரிலிருந்து. வடக்கு-தெற்கு ரயில் பாதையின் கடைசி நிலையத்தில் இறங்கினால் எதிரே படகுத்துறை. வார நாள்களில் படகுகள் குறைவு. கடைசிப் படகின் நேரத்தைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தவறவிட்டால் தனிப்படகு அமர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை. வழியில் தெரியும் செயின்ட் ஜான்ஸ் தீவைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1874இல் அங்கே தொடங்கிய தனிமைப்படுத்தும் நிலையத்தில்தான், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி வந்த நம் முன்னோர் பலர் நகருக்குள் கால் வைக்கும் முன் நாள்களைக் கழித்தார்கள்.

இனி மாஸ்க். ஸ்நோர்கலிங் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குப் பிடிக்காமல் போனது தண்ணீர் கசியும் மாஸ்க். கடையில் பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கு ஏற்றது. கசிந்தால் எல்லோரும் பட்டையை இறுக்குவார்கள். இறுக்க இறுக்க சிலிக்கான் விளிம்பு மடிந்து இன்னும் கசியும். பட்டை காதுக்கு மேலே, பின்தலையின் அகன்ற பகுதியில், தளர்வாக இருந்தால் போதும். நீரின் அழுத்தமே மாஸ்க்கைப் பிடித்துக்கொள்ளும். விளிம்புக்கு அடியில் ஒரு முடி சிக்கினாலும் கசியும் என்பதால் நெற்றி முடியை முழுவதும் பின்னுக்குத் தள்ளுங்கள். மீசைக்காரர்கள் மூக்குக்குக் கீழே ஒரு மெல்லிய கோடு அளவுக்கு மழிக்கலாம், மனமில்லாவிட்டால் அங்கே வாசலின் தடவலாம். புதுக் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் ஒட்டியிருக்கும். வெள்ளைப் பற்பசையை விரலில் எடுத்து உள்பக்கம் நன்றாகத் தேய்த்து, கழுவி, மறுபடியும் தேய்க்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் எதைத் தடவினாலும் பனி படியும். இறங்கும் முன் குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு விட்டுத் தடவி ஒருமுறை அலசினால் மங்காது.

கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குப் பவர் கண்ணாடி பொருத்திய மாஸ்க் அரை அரை அளவாகத் தயாராகவே கிடைக்கிறது. உங்கள் பவர் மைனஸ் 3.25 என்றால் 3.0 எடுங்கள். நீருக்கடியில் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக, நான்கில் ஒரு பங்கு கிட்டத்தில் தெரிவதால் குறைந்ததே போதும். சிலிண்டர் பவர் இருந்தால் அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். மைனஸ் 3, சிலிண்டர் மைனஸ் 1 என்றால் 3.5. கான்டாக்ட் லென்ஸோடு இறங்குவது கண்ணுக்கு ஆபத்து. முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்கை நாங்கள் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அதன் வால்வு சரியாக மூடாவிட்டால் வெளியே விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரிடும், தலை சுற்றும்போது சட்டென்று கழற்றவும் வராது.

குழாயில் தண்ணீர் புகுந்தால் பதறாமல், நுரையீரலில் மிச்சமிருக்கும் காற்றால் ஒரே மூச்சில் பலமாக 'தூ' என்று ஊதுங்கள். மெதுவாக ஊதினால் பாதித் தண்ணீர் உள்ளேயே தங்கி, அடுத்த மூச்சில் தொண்டைக்கு வரும். அதனால் ஊதிய பிறகு முதல் மூச்சைச் சிறியதாக, சந்தேகத்தோடு இழுப்பது நல்ல பழக்கம். இதை வீட்டுக்கு அருகிலுள்ள நீச்சல் குளத்தில் பத்துத் தடவை செய்து பார்த்துவிட்டுக் கடலுக்கு வாருங்கள்.

உடை விஷயத்தில் பருத்தி வேண்டாம். பருத்திச் சட்டையும் சுடிதாரும் நனைந்தால் கனத்து, கால் வீச விடாது. முழுக்கை லைக்ரா சட்டையும் கணுக்கால் வரையுள்ள நீச்சல் உடையும் போட்டால் வெயிலும் சொறிமீனும் இரண்டுமே தோலைத் தொடாது, சன்ஸ்கிரீன் முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் போதும். மோதிரம், வளையல்களை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் கழுத்து வரை ஜிப் உள்ள சட்டைக்குள் விட்டுக்கொள்ளலாம். மிதவைச் சட்டை நீச்சல் தெரிந்தவருக்கும் வேண்டும். அதில் கிடந்தால்தான் கால்களை அடிக்காமல் அசையாமல் பார்க்க முடியும்.

அசையாமல் இருப்பதுதான் இங்கே முக்கியம். 1960களிலிருந்து நடந்த நிலமீட்பும் கடலடி தூர்வாரலும் படியவிட்ட மண் இன்னும் நீரில் கலங்கிக்கொண்டிருக்கிறது. மாலத்தீவைப் போல இருபது மீட்டர் தெரியாது, இரண்டு மூன்று மீட்டர் தெரிந்தால் அது நல்ல நாள். அதே கலங்கலால் வெளிச்சம் ஆழத்துக்குப் போவதில்லை, பவளங்களும் மேலே சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே நெருங்கி வளர்கின்றன. உலகிலுள்ள கடினப் பவள வகைகளில் மூன்றில் ஒரு பங்கு, 250க்கும் மேற்பட்டவை, இந்தச் சிறிய கடல் பரப்பில் பதிவாகியுள்ளன. ஒரே இடத்தில் இரண்டு நிமிடம் மிதந்து பாருங்கள். முதலில் பழுப்புப் பாறைதான் தெரியும். பிறகு கடல் சாமந்தியின் விரல்களுக்கு நடுவே கோமாளி மீனின் வெள்ளைப் பட்டை அசையும். செம்புநிறக் கோடு போட்ட வண்ணத்துப்பூச்சி மீன் தன் நீண்ட மூக்கைப் பிளவுக்குள் விட்டு எதையோ கொத்தும். மணல் மேடு என்று நினைத்தது நீலப்புள்ளித் திருக்கையாக எழுந்து போகும். உலகிலிருந்தே அழிந்துவிட்டது என்று நூறாண்டுக்கும் மேலாக எண்ணப்பட்ட, நெப்டியூன் கோப்பை எனப்படும் பெரிய கடற்பஞ்சு 2011இல் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டது செயின்ட் ஜான்ஸ் தீவை ஒட்டிய நீரில்தான். வேகமாக நீந்திப் போகிறவர் கண்ணுக்கு இந்தக் கடல் ஒன்றும் காட்டாது.

முழங்காலளவு நீரில் எழுந்து நிற்காதீர்கள். உங்கள் பாதத்துக்குக் கீழே இருப்பது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், பல வகைகளில் அதற்கும் குறைவாக, வளரும் உயிர். 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறி வெளுத்துப்போய், பிழைத்து நிற்பவை அவை. குறைந்தது பத்தாண்டுகளில் ஒரு லட்சம் பவளங்களை நட தேசியப் பூங்காக் கழகம் முயன்றுகொண்டிருக்கிறது. நட்டதை நாமே மிதித்தால் எப்படி? மிதிப்பது உங்களுக்கும் ஆபத்துதான். கல்மீன் கல்லைப் போலவே கிடக்கும், அதன் முதுகு முள் மெல்லிய ரப்பர் காலணியைத் துளைத்துவிடும். தடித்த அடிப்பாகம் உள்ள காலணியோடு, மணல் பகுதியில் பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்து இறங்குங்கள்.

ஒரு ஃபிளாஸ்க் கொதிநீர் கட்டாயம் எடுத்துப் போங்கள், தேநீருக்கு அல்ல. கல்மீனோ திருக்கையோ குத்தினால், அதில் குளிர்ந்த நீர் கலந்து 45 டிகிரி வரையிலான சூட்டில் காயத்தை அரை மணி நேரத்துக்கும் மேலாக அமிழ்த்தி வைப்பது வலியைத் தணிக்கும். சூட்டை நல்ல காலில் சோதித்துப் பாருங்கள், குத்துப்பட்ட காலுக்கு வலியில் சூடு உறைக்காமல் வெந்துவிடக்கூடும். அதே நேரத்தில் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். சொறிமீன் பட்டுச் சிவந்த தடம் விழுந்தால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. வினிகரைக் குறைந்தது 30 விநாடி ஊற்றிவிட்டு ஒட்டியிருப்பதை எடுத்துவிடுங்கள். சிறிய வினிகர் புட்டி பையில் இடம் அடைக்காது.

இரண்டிரண்டு பேராக இறங்குங்கள், கரையில் ஒருவர் தலைகளை எண்ணிக்கொண்டே இருக்கட்டும். குப்புற மிதப்பவர் பார்க்கிறாரா, மயங்கிவிட்டாரா என்பது தூரத்திலிருந்து தெரியாது. இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். நீரோட்டம் இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் மல்லாந்து மிதந்து, ஒரு கையை உயர்த்தி, குறுக்காகக் கரையை நோக்கி நகருங்கள். பெரிய கப்பல் கடந்து சில நிமிடங்கள் கழித்துத்தான் அதன் அலை கரைக்கு வரும். அதுவரை அமைதியாக இருந்த விளிம்பில் விளையாடும் குழந்தையை அது தள்ளிவிடும். தண்ணீர் 28, 29 டிகிரி இருந்தாலும் முக்கால் மணி நேரத்தில் பிள்ளைகளுக்கு உதடு நடுங்கும், அப்போது கரையேற்றிவிடுங்கள்.

சாப்பாடு, தண்ணீர் எல்லாம் கையோடு போக வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். புளியோதரையும் மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவிய இட்லியும் வெயிலைத் தாங்கும், தேங்காய்ச் சட்னி தாங்காது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இறங்காதீர்கள், படகுக்கு முன்னும் அப்படியே. மிச்சம், இலை, கரண்டி எல்லாம் திரும்ப உங்களோடே வர வேண்டும். மீனுக்குச் சோறு போடுவதும் வேண்டாம், சிப்பி பொறுக்குவதும் வேண்டாம்.

வீடு திரும்பியதும் மாஸ்க், குழாய், ஃபின் எல்லாவற்றையும் ஒரு வாளி நல்ல தண்ணீரில் அரை மணி ஊறவையுங்கள். குழாய் வால்வில் ஒரு மணல் துகள் தங்கினாலும் அடுத்த முறை அது மூடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்து வெயிலில் காயப்போடாமல் நிழலில் உலர்த்தி, பெட்டிக்குள் தனியாக வையுங்கள். கறுப்பு ரப்பரோடு சேர்த்து வைத்தால் தெளிவான சிலிக்கானில் கறை இறங்கிவிடும்.